20 ஆண்டு காத்திருக்கும் பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்: 40 யூரோவுக்குள் எதை வாங்குவது?

குழந்தை பிறந்த ஆண்டின் ஒயினை ஒரு பெட்டி வாங்கி வைத்து, அந்தப் பிள்ளையின் இருபதாவது பிறந்தநாளில் திறப்பது பிரான்சில் பழைய வழக்கம். கல்யாண ஆண்டுக்கும் அப்படிச் செய்பவர்கள் உண்டு. வழக்கம் அருமையானது. அதற்காக வாங்கப்படும் ஒயின்தான் பல வீடுகளில் பொருந்தாமல் போகிறது. கையில் 400 யூரோ இருக்கிறது, 12 பாட்டில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குள் போனதும் கண் போர்தோ பகுதியின் பெரிய ஊர்ப் பெயர்களைத்தான் தேடும்: மார்கோ, பொயாக், சேந்த்-எமிலியோன். ஷாத்தோ மார்கோ மாதிரி பேர்பெற்ற தோட்டம் என்றால் ஓரிரு பாட்டிலிலேயே அந்தப் பணம் தீர்ந்துவிடும். ஆகவே அதே ஊர்ப் பெயர் அச்சிட்ட, கேள்விப்படாத ஏதோ ஒரு தோட்டத்தின் 30 யூரோ பாட்டிலை வாங்கி வந்து அடுக்குகிறார்கள். எட்டு, பத்து ஆண்டில் அதன் பழச்சுவை வடிந்துவிடும். இருபதாவது ஆண்டில் திறக்கும்போது வெறும் புளிப்பும் ஈர மரவாசனையும்தான் மிச்சம்.

அந்த 30 யூரோவில் பெரும்பங்கு ஊர்ப் பெயருக்குப் போய்விடுகிறது. நீண்ட நாள் நிற்கும் ஒயின் வேண்டுமென்றால், பெயருக்குக் கொடுக்கும் காசைத் தோட்டத்துக்குக் கொடுங்கள். விலைப்பட்டியலில் கீழே இருந்தாலும், மண்ணிலும் பிடிவாதத்திலும் மேலே இருக்கும் பழைய தோட்டங்கள் பிரான்சில் இன்னும் இருக்கின்றன. அவற்றில் ஐந்தை இங்கே எடை போடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு தோட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது ஒ-மெதோக் பகுதியின் ஷாத்தோ சொசியாந்தோ-மாலே. பாட்டிலுக்கு 20 யூரோதான் என்றால் ஷினோன் ஊரின் ‘லே பிகாஸ்’. மற்ற மூன்றும் யாருக்குப் பொருந்தும் என்பதைப் போகப்போகப் பார்க்கலாம்.

எது ஒயினை நிற்க வைக்கிறது?

விலையும் ஆயுளும் ஒன்றல்ல. சிவப்பு ஒயினைத் தாங்கி நிற்பவை முதலில் டானின், அடுத்தது அமிலம். டானின் திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருந்து வருவது. வாயில் துவர்ப்பாகத் தெரிவது அதுதான். இளம் ஒயினில் நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்கும். ஆண்டுகள் போகப்போக டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்றும் நிறமிகளோடும் சேர்ந்து பெரிதாகி, ஒரு பகுதி அடியில் கசடாகப் படியும். துவர்ப்பு மெத்தென்று ஆவதும், கருஞ்சிவப்பு செங்கல் நிறத்துக்கு மாறுவதும் இதனால்தான். இந்த மாற்றம் நடந்து முடியும் வரை ஒயினைப் புத்துணர்ச்சியோடு வைத்திருப்பது அமிலம்.

இவை இரண்டும் இருந்து பழம் இல்லாவிட்டால் காத்திருந்து பயனில்லை. காய்ந்த துவர்ப்பு இருபது ஆண்டு கழித்தும் காய்ந்த துவர்ப்பாகவே இருக்கும். இளமையிலேயே பழச்சுவை அழுத்தமாக இருக்க வேண்டும், துவர்ப்பு அதற்கு மேலே ஓங்கி நிற்க வேண்டும், அமிலம் அடியில் ஓட வேண்டும். அப்படிப்பட்ட ஒயினை இளமையில் குடித்தால் இன்பமாக இருக்காது. விற்பனைக்கு அது பெரிய இடைஞ்சல். அதனால்தான் பல தோட்டங்கள் கடந்த 30 ஆண்டில் நன்கு கனிந்த, மென்மையான, வாங்கிய அன்றே குடிக்கத் தோதான ஒயினுக்கு மாறின. மாற மறுத்தவர்களிடம்தான் நமக்கு வேலை.

சொசியாந்தோ-மாலே: தகுதிப் பட்டியலுக்கு வெளியே

பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்து முகத்துவாரத்தின் இடது கரையில் நீண்டு கிடக்கும் நிலத்துக்கு மெதோக் என்று பெயர்; அதன் தென்பகுதிதான் ஒ-மெதோக். நல்ல திராட்சைத் தோட்டம் ஆற்றைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது அங்கே பழைய பேச்சு. ஆற்றோரக் கூழாங்கல் மேடுகளில் மழைநீர் தேங்காது, வேர் ஆழமாக இறங்கும். பெரிய நீர்ப்பரப்பு பக்கத்தில் இருப்பதால் வசந்தகாலப் பனியும் குறையும். 2017 ஏப்ரலில் போர்தோ முழுக்கப் பனி விழுந்து கொடிகளைக் கருக்கியபோது, முகத்துவாரத்தை ஒட்டிய தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின.

புகழ்பெற்ற சேந்த்-எஸ்தேஃப் ஊரின் வட எல்லையைத் தாண்டினால் வருவது சேன்-சூரேன்-து-கதூர்ன். அங்கே அதே மாதிரி ஒரு கூழாங்கல் மேடு, அதே ஆற்றைப் பார்த்தபடி. சொசியாந்தோ-மாலே இருப்பது அந்த மேட்டின் மேல். ஊர் எல்லைக்கோடு கொஞ்சம் தெற்கே விழுந்துவிட்டதால் லேபிளில் சேந்த்-எஸ்தேஃப் என்று போட முடியாது. ஒ-மெதோக் என்ற பொதுப்பெயர்தான். விலை குறைவாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தக் கோடு.

மீதிக் காரணம் ழான் கொத்ரோ என்ற மனிதர். 1969இல் பெல்ஜியத்து வாடிக்கையாளர் ஒருவருக்காகத் தோட்டம் தேடிப் போன ஒயின் வியாபாரி அவர். இந்த இடத்தைப் பார்த்ததும் தனக்கே வாங்கிக்கொண்டார். அப்போது கட்டடம் பாழடைந்து கிடந்தது, கொடி இருந்த நிலம் சுமார் 5 ஹெக்டேர்தான். 17ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே பெயர் வரும் தோட்டம் அது. மாலே என்ற பின்னொட்டு 19ஆம் நூற்றாண்டில் உரிமையாளராக இருந்த கப்பல் கேப்டன் ஒருவருடையது. கொத்ரோ பக்கத்து மேட்டு நிலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார், ஹெக்டேருக்கு 8,000க்கு மேல் கொடிகளை நெருக்கி நட்டார். விளைச்சலைக் குறைப்பதற்காகப் பச்சைக் குலைகளை வெட்டித் தள்ளும் முறை மெதோக் எங்கும் பரவிய காலத்திலும் அவர் அதற்கு இணங்கவில்லை. நல்ல நிலத்தில் வயதான கொடி தன் அளவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை.

2003இல் ‘க்ரூ பூர்ஷுவா’ தோட்டங்களுக்கு, அதாவது 1855ஆம் ஆண்டின் பழைய பட்டியலில் இடம்பெறாத நல்ல மெதோக் தோட்டங்களுக்கு, புதிய தரவரிசை வந்தது. சொசியாந்தோ முதல் வரிசையில் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கொத்ரோ விண்ணப்பிக்கவே இல்லை. அந்தத் தரவரிசை பிறகு நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டு 2007இல் ரத்தானது. கொத்ரோ 2019இல் காலமானார். இன்று தோட்டம் அவர் மகளின் பொறுப்பில் இருக்கிறது. லேபிளில் எந்தப் பட்டமும் கிடையாது. அதனால் உலகம் முழுவதும் பட்டம் பார்த்து வாங்கும் பணக்காரர்களின் போட்டியும் இந்தப் பாட்டிலுக்குக் குறைவு. புதிய ஆண்டுகளின் விலை பிரான்சில் 30 முதல் 40 யூரோவுக்குள் ஓடுகிறது.

உள்ளே இருப்பது என்ன? பாதியளவு அல்லது கொஞ்சம் கூடுதலாக மெர்லோ திராட்சை, மீதி கபெர்னே சோவின்யோன், ஒரு கை கபெர்னே ஃப்ரான். 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் வளர்கிறது. பெரும்பாலும் புதிய பீப்பாய்கள். முதல் ஐந்து ஆண்டு அந்த மரவாசனை தெரியும், துவர்ப்பு கடுமையாக இருக்கும். ஐந்திலிருந்து பத்துக்குள் சில ஆண்டுகள் வாயே திறக்காது; மணமே இல்லாத மாதிரி மூடிக்கொள்ளும். இந்தக் கட்டத்தில் திறந்தவர்கள்தான் “இதற்கா இவ்வளவு பேச்சு?” என்று கேட்பவர்கள். பன்னிரண்டு, பதினைந்து ஆண்டில் கருந்திராட்சையும் பென்சில் சீவலும் புகையிலையும் கலந்த மணம் எழும். இருபதில் இரும்பு, ஈரமண், காய்ந்த இலை வாசனைகளும் சேரும். கூடவே குடைமிளகாயின் பச்சை மணம் ஒரு கோடாக ஓடும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கு அதுதான் மெதோக்கின் கையெழுத்து. வெயில் கூடிய அண்மை ஆண்டுகளில் அது மங்கி வருவது வருத்தம்தான். இந்தத் தோட்டத்தின் 1982, 1990, 1996 ஆகியவற்றைத் தேடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வாழ்ந்து காட்டிய சாட்சி அது. விலை குறைந்த வேறு பல மெதோக் பாட்டில்களுக்கு அப்படி ஒரு சாட்சி கிடையாது.

ஆண்டு பார்த்து வாங்குவதென்றால் 2016, 2019, 2020 மூன்றும் நீண்ட ஓட்டத்துக்கு ஏற்றவை. 2018உம் 2022உம் வெயில் ஆண்டுகள்; கனிவு கூடுதல், ஆயுளுக்குக் குறைவில்லை. 2013இலும் 2021இலும் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் வேறு பக்கம் திரும்புவது நல்லது. போர்தோவுக்கு அவை குளிரும் மழையும் படுத்திய ஆண்டுகள். சொசியாந்தோ அவற்றிலும் மானமாகத் தப்பும், இருபது ஆண்டு என்பதுதான் கஷ்டம்.

அதே விலையில் பட்டம் வேண்டுமா?

சொசியாந்தோவுக்கு நேர் எதிரே நிறுத்த வேண்டியது கந்தமெர்ல் தோட்டம். மெதோக்கின் தென்கோடியில், மக்கோ என்ற ஊரில் இருக்கிறது. 1855ஆம் ஆண்டின் புகழ்பெற்ற தரவரிசையில் ஐந்தாம் வகுப்பு. பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் போர்தோ தரகர்கள் எழுதிக் கொடுத்த பட்டியல் அது. ஏப்ரல் 18இல் அவர்கள் கொடுத்த தாளில் கந்தமெர்லின் பெயர் இல்லை. காரணம் தரம் அல்ல. அந்தத் தோட்டத்தின் ஒயின் பல்லாண்டுகளாக நேராக ஹாலந்து வியாபாரிகளுக்குப் போய்க்கொண்டிருந்ததால் போர்தோ தரகர்களின் கணக்கில் அது வரவில்லை. உரிமையாளர் கரோலின் து வில்நேவ்-துர்ஃபோர் விடவில்லை. பழைய விற்பனைக் கணக்குகளைக் காட்டி வாதாடினார். அந்த ஆண்டு செப்டம்பரில் பட்டியலின் அடியில், வேறொரு கையெழுத்தில், கந்தமெர்ல் சேர்க்கப்பட்டது.

பிறகு கெட்ட காலமும் வந்தது. 1970களில் தோட்டம் கவனிப்பாரற்றுச் சுருங்கிப் போயிருந்தது. 1981 முதல் கட்டுமானத் துறையின் காப்பீட்டு நிறுவனமான எஸ்.எம்.ஏ.பி.தே.பே. குழுமத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் பொறுமையாக மறுநடவு செய்து மீட்டார்கள். விலையை மட்டும் ஏற்றவில்லை. இன்றும் 30 யூரோவை ஒட்டியே கிடைக்கிறது. 1855 பட்டத்தோடு இந்த விலைக்குக் கிடைக்கும் தோட்டங்கள் அதிகம் இல்லை.

இங்கே மண் மணல் கலந்த மெல்லிய கூழாங்கல். ஒயினும் அப்படியே மெல்லிசு: பூவாசனை, சன்னமான துவர்ப்பு, எட்டு ஆண்டிலேயே குடிக்கத் தோதாகிவிடும் குணம். பதினைந்து ஆண்டு வரை நிம்மதியாக வைக்கலாம். நல்ல ஆண்டென்றால் இருபதும் தாண்டும். பத்து ஆண்டுக் கல்யாண நாளுக்குத் திறக்கப் போகிறீர்கள் என்றால் சொசியாந்தோவைவிடக் கந்தமெர்லே சரி. இருபதாவது பிறந்தநாள் என்றால் சொசியாந்தோவின் எலும்பு உறுதி எனக்குக் கூடுதல் நம்பிக்கை தருகிறது. பரிசாகக் கொடுப்பதற்கு லேபிளில் ‘க்ரான் க்ரூ க்ளாஸே’ (தரவரிசை பெற்ற தோட்டம்) என்ற வரி முக்கியம் என்றால், அதையும் பொய்யில்லாமல் கந்தமெர்ல் தரும். சேந்த்-எமிலியோன் பாட்டில்களில் இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: ‘சேந்த்-எமிலியோன் க்ரான் க்ரூ’ என்று மட்டும் இருந்தால் அது தரவரிசைப் பட்டம் அல்ல, நூற்றுக்கணக்கான தோட்டங்கள் போட்டுக்கொள்ளும் பிறப்பிடப் பெயர். ‘க்ளாஸே’ என்பதும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

20 யூரோவில் ஷினோன்

லுவார் ஆறும் வியென் ஆறும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சவின்யி-ஆன்-வெரோன் என்ற ஊர். ஒல்கா ரஃபோ தோட்டத்தின் இருப்பிடம். 1947இல் அறுவடைக்குக் கொஞ்சம் முன்னால் கணவர் இறந்துபோக, இரண்டு சின்னக் குழந்தைகளோடு நின்ற ஒல்கா தோட்டத்தை விற்கவில்லை. போர்க்கைதியாக வந்து தங்கிவிட்ட ஜெர்மானியர் ஒருவரின் துணையோடு அந்த ஆண்டு ஒயினைத் தானே எடுத்தார். பல்லாண்டு நடத்தினார். இன்று பேத்தியின் குடும்பம் நடத்துகிறது, லேபிளில் ஒல்காவின் பெயர் அப்படியே இருக்கிறது.

இவர்களிடம் பல வகை உண்டு. வைத்திருக்க வாங்க வேண்டியது ‘லே பிகாஸ்’ மட்டும். போமோன்-ஆன்-வெரோன் சரிவில் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த தோட்டம், வயதான கொடிகள், முழுக்க முழுக்க கபெர்னே ஃப்ரான். புதிய சின்னப் பீப்பாய்கள் கிடையாது. ஃபூத்ர் எனப்படும் பழைய, பெரிய மரத்தொட்டிகளில் ஆண்டுக்கணக்கில் ஆறவிட்டுத்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் விற்றுத் தீர்த்த பிறகே இவர்களுடைய ஒயின் கடைக்கு வரும். இந்தக் காத்திருப்புக்கும் சேர்த்து விலை 20 யூரோவை ஒட்டி இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம்தான்.

இளமையில் ராஸ்ப்பெரியும் குடைமிளகாயும் ஈரச் சுண்ணாம்பும் மணக்கும். போர்தோவின் திரட்சி இதில் இல்லை. உடல் நடுத்தரம், அமிலம் கூர்மை. அந்த அமிலம்தான் இதன் ஆயுள். இருபது, முப்பது ஆண்டு கடந்த பிகாஸ் இன்னும் சிவந்த பழத்தோடு, பழைய புத்தகமும் காட்டுக் காளானும் கலந்த மணத்தோடு நிற்கும். தோட்டமே தன் நிலவறையிலிருந்து பழைய ஆண்டுகளை அவ்வப்போது விற்பனைக்கு விடுகிறது. 20 ஆண்டு கழித்து எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொண்டு பிறகு புதியதை வாங்க நினைப்பவருக்கு இது பெரிய வசதி. போர்தோவில் அதே சோதனையைச் செய்ய மூன்று மடங்கு பணம் வேண்டும்.

இதைப் பிடிக்காதவர்களும் உண்டு. திரட்சியான, இனிப்புத் தொனிக்கும் சிவப்பு ஒயினுக்குப் பழகியவர்களுக்கு ஷினோன் ஒல்லியாகவும் பச்சையாகவும் படும். பிறந்தநாள் விருந்தில் இருபது பேருக்கு ஊற்றும்போது பாதிப் பேர் முகம் சுளிக்கலாம். வீட்டில் யாருக்குக் குடிக்கக் கொடுக்கப் போகிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தெற்கே இரண்டு

மத்தியதரைக் கடலோரம், துலோன் நகருக்கு மேற்கே பாந்தோல். 1941இல் தனிப் பிறப்பிடத் தகுதி பெற்ற ஊர். சிவப்பு ஒயினில் குறைந்தது பாதி மூர்வேத்ர் திராட்சை இருக்க வேண்டும், மரத்தில் குறைந்தது 18 மாதம் கிடக்க வேண்டும் என்பது சட்டம். தாமதமாகக் கனியும், தோல் தடித்த, துவர்ப்பு மிகுந்த திராட்சை மூர்வேத்ர். ஆக்சிஜனைத் தாங்கும் சக்தி அதற்கு இயல்பிலேயே அதிகம். வெப்பப் பகுதி ஒயின் இத்தனை ஆண்டு நிற்பதன் மர்மம் அங்கேதான் இருக்கிறது. இந்த ஊரை மீட்டெடுத்தவர் தொமேன் தாம்ப்பியே தோட்டத்தின் லூசியான் பெய்ரோ. அவர் மனைவி லூலூ 2020இல் 102 வயதில் காலமானார். தாம்ப்பியே மிகச் சிறந்த தோட்டம். ஆனால் இன்று அதன் விலை நம் 40 யூரோ வரம்பைத் தாண்டிவிட்டது.

ஆகவே ஷாத்தோ ப்ரதோ. சேன்-சீர்-சூர்-மேர் ஊரில் 1752 முதல் போர்த்தாலிஸ் குடும்பத்தின் கையில் இருக்கிறது. 1804இன் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை எழுதிய நால்வரில் ஒருவரான ழான்-எதியென்-மரி போர்த்தாலிஸின் குடும்பம் அது. சுற்றிலும் விடுமுறை வீடுகள் எழும்பிய பிறகும் தோட்டம் தோட்டமாகவே நிற்கிறது. நான் பார்த்தவற்றில் இவர்கள்தான் கொஞ்சமும் வளைந்து கொடுக்காதவர்கள்: ஏறக்குறைய முழுக்க மூர்வேத்ர், காம்பைக்கூட நீக்குவதில்லை, சட்டம் கேட்கும் 18 மாதத்துக்குப் பதில் மூன்று, நான்கு ஆண்டு பெரிய மரத்தொட்டியில். விலை 30 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே. பத்து ஆண்டுக்கு முன்னால் திறந்தால் துவர்ப்பு ஆளைத் தள்ளும். பதினைந்துக்குப் பிறகு பதனிட்ட தோல், கருமிளகு, அதிமதுரம், காட்டு மூலிகை, கொஞ்சம் இறைச்சி வாசனை. ஆட்டுத் தோள்கறியை அடுப்பில் மணிக்கணக்கில் வேகவைத்துப் பரிமாறும் வீட்டில் இதற்கு நிகர் இல்லை. 2013, 2021 மாதிரி போர்தோ தடுமாறிய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் பார்ப்பது பாந்தோலைத்தான். முரட்டு மணம் பிடிக்காதவர்கள் மட்டும் விலகிக்கொள்ளலாம்.

ஐந்தாவது மதிரான். பிரனே மலையடிவாரம், வாத்துக்கறி நாடு, தன்னா திராட்சை. பிரான்சின் துவர்ப்பு மிகுந்த திராட்சைகளில் தன்னாவுக்கே முதலிடம் என்று சொல்லலாம். அலென் ப்ரூமோன் குடும்பத் தோட்டமான புஸ்காஸேவிலும், 1980இல் வாங்கிய மொந்துஸிலும் இந்த ஊரின் பெயரை உயர்த்தினார். மொந்துஸ் புதிய ஓக் பீப்பாய்களோடு எழுந்த நவீனப் பாணி. பாரம்பரியத் தோட்டம் என்று கேட்பவருக்கு புஸ்காஸே நெருக்கம், விலையும் 20 யூரோவுக்குக் கீழே. இருபது ஆண்டு தாங்குமா என்றால் தாங்கும். அவ்வளவு காத்திருந்த பிறகு பொயாக் மாதிரி நுணுக்கம் வருமா என்றால் அபூர்வமாகத்தான். ஆயுளுக்குக் குறைவில்லை, நேர்த்திதான் கொஞ்சம் கம்மி. என் பட்டியலில் கடைசி இடம்.

பேர்பெற்ற ஒயின் பகுதிகளான பூர்கோன்யும் ஷத்தோநெஃப்-து-பாப்பும் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். நீண்ட நாள் நிற்கும் பூர்கோன்ய் இந்த விலைக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஷத்தோநெஃபில் கிரெனாஷ் திராட்சை கூடுதலான, ஆல்கஹால் ஏறிய ஆண்டுகள் அதிகமாகிவிட்டன. 40 யூரோவில் இருபது ஆண்டுக்கு உறுதி சொல்ல எனக்குத் துணிவில்லை.

வாங்குவதும் வைப்பதும்

போர்தோ தோட்டங்களை ‘ப்ரிமர்’ முறையில் முன்கூட்டியே வாங்கலாம்: அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் பணம் கட்டினால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்துப் பாட்டில் வரும். அதில் காட்டும் விலை வரி சேராதது. 20% மதிப்புக்கூட்டு வரியும் போக்குவரத்தும் கூட்டிப் பாருங்கள். சொசியாந்தோவுக்கும் கந்தமெர்லுக்கும் இந்த அவசரம் தேவையில்லை. செப்டம்பரில் சூப்பர் மார்க்கெட்டுகள் நடத்தும் ஒயின் சந்தைகளில் இவை இரண்டும் அடிக்கடி தலைகாட்டும், விலையும் பல சமயம் அதைவிட நன்றாக இருக்கும். பழைய ஆண்டை வாங்கும்போது பாட்டிலை வெளிச்சத்தில் நிமிர்த்திப் பாருங்கள்: ஒயின் மட்டம் கழுத்தில் இருக்க வேண்டும். பத்து, பதினைந்து ஆண்டுப் பாட்டிலில் அது தோள்பட்டைக்கு இறங்கியிருந்தால் கார்க்கோ வைத்திருந்த இடமோ சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைக்கும் இடம் இல்லாமல் இந்த ஒயின்களை வாங்கவே வேண்டாம். 12 முதல் 14 டிகிரி, இருட்டு, கொஞ்சம் ஈரப்பதம், அசைவில்லாத இடம். ஒன்றிரண்டு டிகிரி கூடுவதைவிடக் கோடைக்கும் குளிருக்கும் இடையே ஏறி இறங்குவதுதான் பெரிய கேடு. கட்டடத்தின் அடித்தள நிலவறை கோடையிலும் குளிர்ந்திருந்தால் அது போதும். அடுக்குமாடியில் அது இல்லை என்றால் வெப்பநிலை காக்கும் ஒயின் அலமாரி, அல்லது மாத வாடகைக்கு நிலவறை தரும் இடங்கள். சமையலறை அலமாரி கூடவே கூடாது. ஊருக்கு எடுத்துப் போய் வைக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 30 டிகிரி அறையில் இரண்டு கோடை போனால் இருபது ஆண்டு ஆயுள் அதோடு தீர்ந்தது.

திறக்கும் நாளுக்கு முந்தைய நாளே பாட்டிலைப் படுக்கையிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்தால் கசடு அடியில் இறங்கிவிடும். கார்க்கை மெதுவாக, ஆட்டாமல் எடுங்கள். இருபது ஆண்டுக் கார்க் நடுவில் உடையும். பாட்டிலின் தோளுக்குக் கீழே கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் ஒரே சீராக ஜாடியில் ஊற்றுங்கள். முதலில் கண்ணாடி வழியே தெளிந்த சிவப்புதான் ஓடும். கடைசியில் புகைக்கோடு மாதிரி ஒரு இழை தோளை நோக்கி நகர்ந்து வரும். அதைப் பார்த்த நொடியில் நிறுத்த வேண்டும். போர்தோ பாட்டிலின் தூக்கிய தோள் அந்தக் கசடைப் பிடித்து வைக்கும். ப்ரதோவின் பாட்டிலில் கசடு இன்னும் அதிகம் இருக்கும், கையில் நிதானம் கூடுதலாக வேண்டும்.

2022இல் பிறந்த குழந்தைக்கு 12 பாட்டில் என்றால் நான் பிரிப்பது இப்படி: சொசியாந்தோ-மாலே 6, லே பிகாஸ் 4, ப்ரதோ 2. இன்றைய விலையில் மொத்தம் 360 யூரோவை ஒட்டி வரும். முதல் பிகாஸைப் பிள்ளையின் எட்டாவது வயதில் திறக்கலாம். முதல் சொசியாந்தோவைப் பன்னிரண்டுக்கு முன்னால் தொட வேண்டாம். அப்போது இன்னும் இறுக்கமாக இருந்தால் மற்ற ஐந்தும் இருபதைத் தாராளமாகத் தாண்டும். ப்ரதோ இரண்டும் இருபதுக்கும் அதற்கு மேலும். மூன்றையும் ஒரே நாளில் வாங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். சொசியாந்தோதான் முதலில் வரும். பிகாஸும் ப்ரதோவும் ஆண்டுக்கணக்கில் மரத்தொட்டியில் கிடந்துவிட்டுத் தாமதமாகத்தான் கடைக்கு வரும். அவை இரண்டுக்குமான 150 யூரோவைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, 2022 எப்போது வரும் என்று ஒயின் கடைக்காரரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.